குறைமாதப் பிரசவத்தில் போடப்படும் அந்த ஊசி: ஓர் ஆய்வு பிரசவ அறைக்கு வந்து சேரும் வழி

ஏழாம் மாதம் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதம் பிறந்த பிள்ளை பிழைக்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். யார் எண்ணிப் பார்த்துச் சொன்னது, எத்தனை பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை. உண்மையோ நேர்மாறானது. குறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை, கருவறையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம்தான். ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பே அதிகம்.

இந்த வாய்வழிச் செய்தி எவ்வளவு எளிதாக நம்பப்படுகிறதோ, அவ்வளவு கடினமாக இருக்கிறது மருத்துவர் சொல்வதை நம்புவது. முப்பது வாரத்தில் வலி வந்துவிடுகிறது. "பிள்ளையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் வீடே கலங்கிப் போகிறது. பிள்ளைக்குப் பின்னால் ஏதாவது ஆகுமா என்கிறார் உம்மா. என் மகளுக்கு வேறு ஆஸ்பத்திரியில் இது போடவே இல்லையே என்கிறார் மாமி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "ஸ்டீராய்டு விஷம்" என்று ஒரு ஆடியோவை அனுப்புகிறார். மாப்பிள்ளை வெளிநாட்டில், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று மணிநேரங்கள் போகின்றன.

இவர்கள் கேட்கும் கேள்விகளில் தவறு எதுவும் இல்லை. பதில் தெரியாமல் நேரம் கரைவதுதான் ஆபத்து. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள், ஏன் சில இடங்களில் போடுகிறார்கள், சில இடங்களில் போடுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், ஒரு மருத்துவ ஆய்வு எப்படி மருத்துவமனை நெறிமுறையாக மாறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். ஐந்து வயதுக்குள் நிகழும் மரணங்களுக்கு முதல் காரணமாக இருப்பது குறைமாதப் பிறப்பின் சிக்கல்கள்தான்.

ஆட்டுக்குட்டியில் தொடங்கியது

நுரையீரல் என்பது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள். மூச்சை வெளியே விடும்போது அந்தப் பைகளின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே வழுவழுப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டும். கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு சுரக்கும். முன்கூட்டியே பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொண்ட பைகளைப் பிரித்தெடுக்கப் போராடி, களைத்து, ஓய்ந்துவிடும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டு நாளுக்குள் இறந்தது இதே நோயால்தான். அன்றைய உலகின் மிகச் செல்வாக்கான குடும்பத்துக்கும் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அதே காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் வேறொரு கேள்வியோடு செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்பது அவர் கேள்வி. கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது அவை முன்கூட்டியே பிறந்தன. அந்த வயதில் பிறந்த குட்டி மூச்சுவிடவே முடியாமல் இறந்திருக்க வேண்டும். ஆனால் அவை சுவாசித்தன. தேடியது ஒன்று, அல்லாஹ் காட்டிக்கொடுத்தது இன்னொன்று.

லிக்கின்ஸ் இதை உடனே எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுக்கத் தொடங்கிவிடவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மார்களைக் கொண்டு ஆய்வு நடத்தினார். யாருக்கு மருந்து, யாருக்கு ஒப்பீட்டு ஊசி என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தீர்மானித்தார்கள். 1972இல் முடிவு வெளியானது. மருந்து பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்தவை 15 சதவீதம். மருந்து பெற்ற பிரிவில் 3.2 சதவீதம்.

இருபத்திரண்டு ஆண்டு தாமதம்

இவ்வளவு தெளிவான முடிவு வந்ததும் உலகம் முழுவதும் ஊசி போடத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தது 1994இல். அப்போதுகூட அந்நாட்டில் தேவைப்பட்ட தாய்மார்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அதைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

இடையில் ஆய்வுகள் நடக்காமல் இல்லை. பல நாடுகளில் நடந்தன. பெரும்பாலும் சிறியவை, தனித்தனியாகப் பார்த்தால் முடிவு தெளிவாகத் தெரியாதவை. ஒன்றில் பலன் தெரிந்தது. ஒன்றில் தெரியவில்லை. இன்னொன்றில் பெண் குழந்தைகளுக்கு மட்டும் பலன் இருப்பதுபோல் தோன்றியது. ஒவ்வொரு மருத்துவரும் தாம் படித்த ஒன்றை வைத்து முடிவெடுத்தார். பிற்காலத்தில் தீங்கு வருமோ என்ற அச்சமும் இருந்தது.

அயர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிசியா குரோலி என்ற மகப்பேறு மருத்துவரும் பிரிட்டனின் இயன் சால்மர்ஸ் போன்றவர்களும் செய்தது எளிமையான ஒரு காரியம். அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது மங்கலாக இருந்தது, சேர்த்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. ஊசி குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இப்படி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவதற்கென்றே 1993இல் காக்ரேன் என்ற அமைப்பு உருவானது. அதன் சின்னத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கோடுகள் இந்த ஊசியைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள்தான். ஆதாரம் கையில் இருந்தும் தொகுத்துப் பார்க்காததால் போன உயிர்களின் நினைவாகவே அந்தச் சின்னத்தை நான் பார்க்கிறேன்.

பின்னாளில் என்ன ஆகும் என்ற உம்மாவின் கேள்விக்கும் இங்கே பதில் உண்டு. ஆக்லாந்து ஆய்வில் பிறந்த குழந்தைகளை முப்பது வயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மனவளர்ச்சி ஆகியவற்றில் ஊசி பெற்ற தாயின் பிள்ளைகளுக்கும் பெறாத தாயின் பிள்ளைகளுக்கும் கவலைப்படும்படியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

ஹதீஸ் தரம்பிரிப்பதைப் போல

ஓர் ஆய்வு வந்துவிட்டது என்பதும் அது நெறிமுறை ஆகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. இதை நம் சமுதாயத்துக்கு விளக்குவது எளிது. ஏனென்றால் நம்மிடம் ஹதீஸ் கலை இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் இமாம்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. யார் அறிவித்தார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் ஆள் விடுபட்டிருக்கிறதா, நினைவாற்றல் எப்படி, அதே செய்தி வேறு வழிகளில் வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்தார்கள். அதன் பிறகும், ஒரு செய்தி ஆதாரப்பூர்வமானது என்பதாலேயே சட்டம் முடிந்துவிடுவதில்லை. மற்ற ஆதாரங்களோடு சேர்த்து, சூழலைப் பார்த்து சட்டம் எடுப்பது ஃபுகஹாக்களின் வேலை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை நமக்குக் குர்ஆனிலேயே உண்டு (49:6).

மருத்துவ நெறிமுறை தயாரிப்பவர்களும் ஏறத்தாழ இதே இரண்டு படிகளைக் கடக்கிறார்கள். முதல் படி, ஆதாரத்தின் தரம். சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், மருந்து கம்பெனிக்கு அதில் பங்கு உண்டா, வெவ்வேறு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்த்து உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்காகத் தரம் பிரிக்கிறார்கள். இரண்டாம் படி, பரிந்துரை. நன்மை எவ்வளவு, தீங்கு எவ்வளவு, செலவு என்ன, ஏழைத் தாய்க்குக் கிடைக்குமா, தாய்மார்கள் இதை விரும்புவார்களா என்று விவாதித்து, எல்லோருக்கும் செய்யலாம் என்றோ, இன்ன நிபந்தனைகளோடு மட்டும் செய்யலாம் என்றோ எழுதுகிறார்கள். குழுவில் உட்காருபவர்கள் தங்களுக்கு எந்தக் கம்பெனியோடு தொடர்பு உண்டு என்பதை முதலிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும்.

வஹீயின் பாதுகாப்புக்காக உருவான கலையையும் மனிதர்களின் மருத்துவ ஆய்வையும் சமமாக வைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவ முடிவு நாளை மாறலாம். ஆனால் விசாரித்துப் பார்க்கும் ஒழுக்கம் இரண்டிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமேகூட ஒரு காலத்தில் பெரிய நிபுணர்கள் சொல்வதை வைத்தே பெரும்பாலும் பரிந்துரைகளை எழுதிவந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டிய பிறகுதான், ஒவ்வொரு பரிந்துரையையும் சரிபார்க்கத் தனிக் குழு அமைத்தது.

அதே மருந்து, வேறு முடிவு

1994க்குப் பிறகு கதை முடிந்திருக்க வேண்டும். பணக்கார நாடுகளில் முடிந்தது. ஏழை நாடுகளில் அடுத்த அத்தியாயம் தொடங்கியது.

ஊசி மலிவானது. செவிலியரே போடலாம். அப்படியானால் குறைமாத மரணங்கள் அதிகம் நிகழும் கிராமங்களுக்கு இதைக் கொண்டுபோனால் எவ்வளவு உயிர்களைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளில் ஊர் ஊராகப் பிரித்து, சுமார் ஒரு லட்சம் பிரசவங்களில் சோதித்தார்கள். இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும் அதில் இருந்தன. முடிவு 2014 இறுதியில் வெளியானபோது பலரும் அதிர்ந்து போனார்கள்.

மிகச் சிறிய குழந்தைகளின் மரணம் குறையவில்லை. ஒட்டுமொத்தக் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், திட்டம் நடந்த ஊர்களில் ஆயிரத்துக்கு 27.4 பேர் இறந்தார்கள். நடக்காத ஊர்களில் 23.9. உயிர் காக்க வந்த திட்டத்தில் மரணம் சற்றுக் கூடியிருந்தது. தாய்மார்களுக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டதும் கூடியிருந்தது.

என்ன நடந்தது? அந்தக் கிராமங்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு ஆரம்பகால ஸ்கேன் இல்லை. கடைசி மாதவிடாய்த் தேதியையும் வயிற்றின் அளவையும் வைத்து வாரத்தைக் கணித்தார்கள். ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை அவ்வளவு சிறிய குழந்தைகளே அல்ல. தேவையில்லாத பிள்ளைக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. பிறந்த பிறகு குறைமாதக் குழந்தைக்குத் தேவையான ஆக்சிஜன், வெதுவெதுப்பு, தொற்றுக்கான சிகிச்சை பல இடங்களில் இல்லை. ஊசி மட்டும் போய்ச் சேர்ந்தது, அதைச் சுற்றியிருக்க வேண்டிய மருத்துவமனை போய்ச் சேரவில்லை.

"ஒரு நாட்டில் நல்லது என்றார்கள், இன்னொரு நாட்டில் கெட்டது என்கிறார்கள், இந்த டாக்டர்களை எப்படி நம்புவது" என்று இந்த இடத்தில்தான் சிலர் சொல்லத் தொடங்குவார்கள். எனக்கோ நம்பிக்கை கூடுவது இந்த இடத்தில்தான். தங்கள் திட்டம் தோற்றதை, ஒரு லட்சம் பிரசவங்களின் கணக்கோடு அவர்களே வெளியிட்டார்கள். வாட்ஸ்அப் ஆடியோ அனுப்புபவர் எவராவது அப்படிச் செய்திருக்கிறாரா?

அடுத்து எழுந்த கேள்வி: நம்மைப் போன்ற நாடுகளில் நல்ல மருத்துவமனையில், வாரத்தைச் சரியாகக் கணித்துப் போட்டால் பலன் உண்டா? இதைச் சோதிக்க பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் ஆய்வு நடத்தியது. 26 முதல் 34 வாரத்துக்குள் பிரசவமாகக்கூடிய 2,852 தாய்மார்கள் சேர்ந்தார்கள். ஸ்கேன் வைத்து வாரம் கணிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு டெக்சாமெத்தசோன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி.

மருந்தில்லாத ஊசி போடுவது அநீதி இல்லையா என்று கேட்கலாம். நன்மையா தீமையா என்று உண்மையிலேயே தெரியாத நிலையில், தாயின் சம்மதத்தோடு மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. ஆய்வு நடக்கும்போதே தனிக் குழு ஒன்று கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இங்கே அந்தக் குழு பலன் உறுதி என்று கண்டதும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னது. மருந்து பெறாத பிரிவில் பிறந்த குழந்தைகளில் 23.5 சதவீதம் இறந்தன. மருந்து பெற்ற பிரிவில் 19.6 சதவீதம். அதாவது ஏறத்தாழ 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. தாய்க்குத் தொற்று கூடவில்லை. 2020இல் இது வெளியானது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2022இல் புதுப்பித்த பரிந்துரை இதுதான்: 24 முதல் 34 வாரம் வரையுள்ள, குறைமாதப் பிரசவ வாய்ப்புள்ள தாய்க்கு ஊசி போடலாம். ஆனால் வாரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் பிரசவமாகும் வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். தாய்க்குத் தொற்றின் அறிகுறி இருக்கக்கூடாது. பிரசவத்தையும் குறைமாதக் குழந்தையையும் கவனிக்க வசதி இருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள், இன்னொன்றில் போடவில்லை என்று மாமி சொன்னாரே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

குடும்பத்தின் கையில் இருப்பது

அந்த நிபந்தனைகளில் முதலாவது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. கரு உண்டானது தெரிந்ததும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனே வாரத்தைத் துல்லியமாகச் சொல்லும். 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே தெரிய வேண்டாம், கண்ணேறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் மறைத்து வைப்பது சில ஊர்களில் பழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. மருத்துவருக்கும் செவிலியருக்கும் மறைக்க வேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் கணிப்பு சில வாரங்கள் முன்னே பின்னே போகலாம். முப்பது வாரமா முப்பத்தைந்து வாரமா என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, நேரம். ஊசியின் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். முன்கூட்டியே வலி, நீர் உடைதல், இரத்தக் கசிவு என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் புறப்படுவது அந்த ஒரு நாளைச் சம்பாதித்துத் தரும். குறைமாதக் குழந்தைக்கான பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்வது நல்லது. பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள நீர்க்கசிவு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் கவனித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, கையெழுத்து. வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். சட்டப்படி கணவரோ மாமனாரோ வந்தாக வேண்டும் என்பதில்லை. துபாயிலிருந்து போன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதை ஏழாம் மாதத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் பேச்சுக்கு இடமிருக்காது.

இன்குபேட்டருக்குப் பதில் உம்மாவின் நெஞ்சு

குறைமாதக் குழந்தை பிறந்துவிட்டால் அடுத்து வருவது இன்னொரு ஆய்வின் கதை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரேய் என்ற மருத்துவரிடம் போதிய இன்குபேட்டர்கள் இல்லை. ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்று. குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் படும்படி கட்டி வைத்தார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. வசதியில்லாதவர்களின் மாற்று வழி என்றே பலர் நினைத்தார்கள்.

நெறிமுறைகளும் ஒரு நிபந்தனை வைத்திருந்தன: குழந்தை முதலில் இன்குபேட்டரில் நிலைபெறட்டும், அதன் பிறகு தாயிடம் கொடுக்கலாம். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் சிறிய குழந்தைகள் அதிகம் இறப்பது அந்த நிலைபெறும் வரையான நாட்களில்தான். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7. இந்த ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது, இனி எந்தக் குழந்தைக்கும் இதை மறுக்கக்கூடாது என்பதற்காக. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பழைய பரிந்துரையை மாற்றியது. பிறந்த உடனேயே தொடங்கலாம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்.

இந்தச் சிகிச்சைக்குத் தாய் குழந்தையோடு அதே பிரிவில் இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் தாய் ஒரு மாடியில், பிள்ளை ஒரு மாடியில், கண்ணாடி வழியே பார்க்க மட்டும் அனுமதி. நெறிமுறை மாறியும் கட்டிடம் மாறவில்லை. எனவே கேளுங்கள்: "கங்காரு முறை இங்கே செய்கிறீர்களா, எப்போது தொடங்கலாம்?" ஹிஜாப் பேணும் தாய்மார்கள் தயங்க வேண்டாம். திரைச்சீலை கேட்கலாம், முன்பக்கம் திறக்கும் தளர்வான மேலாடையும் மேலே ஒரு துப்பட்டாவும் போதும். தாயால் முடியாத நேரத்தில் வாப்பாவின் நெஞ்சும் அதே வெதுவெதுப்பைத் தரும். உம்மம்மாவும் வைத்துக்கொள்ளலாம். பிறந்த பிள்ளையைத் தொடத் தயங்கும் இளம் வாப்பாக்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

தஹ்னீக் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சிளம் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் சர்க்கரை ஜெல் தடவினால் நன்மை என்று நியூசிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வைக் காட்டி, தஹ்னீக்கை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று செய்திகள் சுற்றுகின்றன. அந்த ஆய்வு நடந்தது சர்க்கரை குறையும் ஆபத்துள்ள குழந்தைகளிடம், இரத்தத்தில் அளந்து பார்த்து, எடைக்கேற்ற அளவில், மருத்துவமனையில். அதற்கும் பேரீச்சம்பழத்துக்கும் முடிச்சுப் போடுவது ஆய்வுக்கும் நியாயமில்லை, சுன்னத்துக்கும் அது தேவையில்லை. தஹ்னீக்கின் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். குறைமாதக் குழந்தை என்றால், அதன் வாயில் எதையும் வைக்கும் முன் மருத்துவரிடமும் கேளுங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

புதிய மருந்து இல்லாமலே

நெறிமுறை எழுதப்பட்டுவிட்டால் போதாது என்பதற்கு அண்மையில் வந்த ஆதாரம் தாய்மார்களைப் பற்றியது. பிரசவத்துக்குப் பின் வரும் அதிக இரத்தப்போக்குதான் உலகில் தாய்மார்களின் உயிரை அதிகம் பறிக்கும் காரணங்களில் முன்னிற்பது. அதற்கான மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. 1960களில் ஜப்பானில் உட்டாக்கோ ஒக்கமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் கண்டுபிடித்த டிரானெக்சாமிக் அமிலம், 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வுக்குப் பின் 2017இல் பரிந்துரைக்குள் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைகிறது.

இவ்வளவும் இருந்தும் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தது ஏன்? எவ்வளவு இரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டதால். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். கோட்டைத் தாண்டியதும் கருப்பையைத் தடவிவிடுதல், மருந்துகள், சலைன், காரணத்தைத் தேடுதல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். வழக்கமான முறையில் அதிக இரத்தப்போக்குகளில் பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டன. இந்த முறையில் 93 சதவீதம். கடுமையான இரத்தப்போக்கும் அதையொட்டிய அறுவைச் சிகிச்சையும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. 2023இல் ஆய்வு வெளியாகி, அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. 1972க்கும் 1994க்கும் இடையிலிருந்த தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

நெறிமுறை என்பது மருத்துவரைக் கட்டிப்போடும் சட்டம் அல்ல. உங்கள் வீட்டுப் பெண்ணின் உடல்நிலைக்கேற்ப மருத்துவர் அதிலிருந்து விலகலாம். விலகும்போது காரணம் சொல்ல வேண்டும், நாம் காரணம் கேட்கலாம். சண்டையாக அல்ல, சாதாரணமாக: "இதற்கு வழக்கமான நெறிமுறை என்ன டாக்டர்? எங்களுக்கு வேறு மாதிரி செய்வதற்கு என்ன காரணம்?" கேட்பதற்குத் தயார் செய்துகொள்ள வேண்டிய தாள்கள் குறைவுதான். முதல் ஸ்கேன் அறிக்கை, அதில் போட்டிருக்கும் பிரசவத் தேதி, இரத்த வகை, சர்க்கரை மற்றும் அழுத்தத்தின் பதிவுகள், இதுவரை போட்ட ஊசிகளின் விவரம். இவற்றைப் போட்டோ எடுத்து உம்மா, மாமி, மாப்பிள்ளை மூவருடைய போனிலும் வைத்துவிடுங்கள். தாயின் கைப்பையில் முதல் ஸ்கேனின் அசல் பிரதி இருக்கட்டும்.